வாசலுக்கு வெளியே விழும் குத்து எங்கள் கணக்கு

பெறுநர்: பிரீமியர் லீக் நிர்வாகத்தார், லண்டன்.

பொருள்: உங்கள் ஆட்டங்களுக்கான போலீஸ் செலவை ஏற்கும் பாக்கியத்தை எங்களுக்கு அளித்தமைக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா, அம்மையீர்,

ஈஸ்ட் ஹாமில் குடியிருந்து, கவுன்சில் வரியை ஒழுங்காகக் கட்டிவரும் தமிழன் எழுதிக்கொள்வது. எனக்குக் கால்பந்து தெரியாது. ஆப்சைடு என்றால் என்னவென்று மகன் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் உங்கள் ஆட்டத்துக்கு நானும் ஒரு புரவலன் என்று அண்மையில்தான் தெரியவந்தது. நான் கட்டும் வரியில் ஒரு பங்கு போலீஸுக்குப் போகிறது. அந்தப் போலீஸ் சனிக்கிழமையானால் உங்களிடம் வந்துவிடுகிறது. டிக்கெட்டே வாங்காதவனையும் புரவலனாக்கிய உங்கள் பெருந்தன்மையை எப்படிப் பாராட்டுவது!

கால்பந்துக்குக் காவல் நிற்க ஒரு சீசனுக்கு 7 கோடிப் பவுண்டுக்கு மேல் ஆகிறது என்று போலீஸ் தரப்பு கணக்குக் காட்டுகிறது. கிளப்புகள் திருப்பித் தருவது அதில் சிறு பகுதிதான். நீங்களும் பாவம், என்ன செய்வீர்கள்? 2025-26 தொடங்கி நான்கு சீசன்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை விற்றதில் உங்களுக்குக் கிடைத்தது வெறும் 670 கோடிப் பவுண்டு. நாடு முழுக்க ஆகும் அத்தனை போலீஸ் செலவையும் இதிலிருந்தே கொடுத்தாலும் நூற்றுக்கு ஐந்து பவுண்டுகூட வராதுதான். ஆனால் அந்த ஐந்து பவுண்டு இருந்தால் ஒரு சென்டர் ஃபார்வர்டின் முழங்காலாவது வாங்கலாமே!

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1996ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, கேட்டுப் பெறும் சிறப்புக் காவலுக்குத்தான் கட்டணம். மைதானத்துக்குள் நிற்கும் போலீஸுக்குக் கிளப் பணம் தரவேண்டும் என்று ஷெஃபீல்ட் யுனைடெட் வழக்கில் 1987இலேயே தீர்ப்பாகிவிட்டது. வெளியே? லீட்ஸ் யுனைடெட் வழக்குப் போட்டது. கிளப்புக்குச் சொந்தமாகவோ குத்தகையிலோ கட்டுப்பாட்டிலோ இல்லாத இடத்தில் அமைதி காப்பது போலீஸின் அன்றாடக் கடமை என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கிய பணத்தில் சுமார் 10 லட்சம் பவுண்டைப் போலீஸ் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்ஸ்விச்சில் நடந்தது இன்னும் விசேஷம். மைதானத்தை ஒட்டிய போர்ட்மன் ரோடும் சர் ஆல்ஃப் ராம்சே வேயும் ஆட்ட நாளில் அடைக்கப்படுகின்றன. வண்டி போகாது, ரசிகர்கள் மட்டும் தெருவை அடைத்துக்கொண்டு போவார்கள். ஆனாலும் அது பொதுத் தெருதான், கட்டணம் கேட்கக் கூடாது என்று 2017இல் தீர்ப்பு. கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டு மொய் எழுதிக்கொள்வது நீங்கள். எச்சில் இலை எடுப்பது தெருக்காரர்கள்.

ஈஸ்ட் ஹாம் அடங்கிய எங்கள் நியூஹாம் வட்டாரத்துக்கு இதைவிட உயர்ந்த கௌரவம் கிடைத்தது. இங்குள்ள ஒலிம்பிக் மைதானத்தில் வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகை. தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. 2016இல் ஒப்பந்தம் வெளியானபோதுதான் விவரம் தெரிந்தது: போலீஸ் செலவு கிளப்புக்கு இல்லை, பொதுப் பணத்துக்கு. கோல் கம்பமும் கார்னர் கொடியும்கூட அப்படித்தான். அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, என் காசல்லவா!

“நாங்களும் வரி கட்டுகிறோமே” என்பீர்கள். வாஸ்தவம். வரி நானும்தான் கட்டுகிறேன். என் பேட்டைப் போலீஸ்காரரை யாரும் எனக்காகப் பிடித்துவைப்பதில்லை. ஆட்டத்துக்கு ஆள் அனுப்புவதால் பேட்டைகளில் போலீஸ் குறைகிறது, செலவை ஏற்பாட்டாளர்கள் ஏன் கொடுக்கக் கூடாது என்று லண்டன் போலீஸ் கமிஷனர் மார்க் ரௌலியே 2025 ஜனவரியில் கேட்டார்.

எனவே, தங்கள் மேலான பரிசீலனைக்குச் சில கோரிக்கைகள்:

1. உங்கள் எல்லை முடியும் இடத்தில் மஞ்சள் கோடு ஒன்று போடவும். மூக்கு உள்ளேயும் முஷ்டி வெளியேயும் இருந்தால் பில் யாருக்கு என்பதைப் பலகையில் எழுதிவைக்கவும்.

2. அடித்துக்கொள்ள விரும்பும் ரசிகர்கள், ரயில் நிலையத்தில் அவசரப்படாமல், மைதானத்துக்குள் வந்தபின் ஆரம்பிக்குமாறு டிக்கெட்டின் பின்புறம் அச்சிடவும்.

3. இரண்டும் முடியாதென்றால், என் பெயரையும் ஸ்பான்சர் பட்டியலில் சேர்க்கவும். சட்டையில் இடமில்லாவிட்டால் காலுறையில் போட்டாலும் சம்மதம்.

ஜெர்மனியில் இந்த நகைச்சுவை எடுபடவில்லை. 5,000 பேருக்கு மேல் கூடும், லாப நோக்குள்ள, வன்முறைக்கு வாய்ப்புள்ள நிகழ்ச்சிக்குக் கூடுதல் போலீஸ் வந்தால் ஏற்பாட்டாளரே கட்டணம் தரவேண்டும் என்று பிரேமன் மாநிலம் 2014இல் சட்டம் போட்டது. ஜெர்மன் கால்பந்து லீக் கடைசிவரை வழக்காடியது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2025 ஜனவரி 14 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் அங்கே பந்து உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

விளையாட்டுப் பேச்சு போதும். கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு இந்தச் செலவு தாங்காது. அவற்றின் பங்கையும் உங்கள் ஒளிபரப்புப் பணத்திலிருந்தே கொடுக்கலாம். கொடுக்க மனம் வராவிட்டால், அரசு 25ஆவது பிரிவைத் திருத்த முன்வரும்போது வக்கீலை அனுப்பாமலாவது இருங்கள். கூட்டத்தைக் கூட்டிக் காசு பார்ப்பவர் காவலுக்கும் காசு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்காத புரவலன்,
ஈஸ்ட் ஹாம்.