பதக்கப் பண்டிதர்

மெக்ஸிகோ நகரத்து லாகுனில்லா வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், ஒரு கையில் பூதக்கண்ணாடியும் மறு கையில் சட்டைப்பைத் தராசுமாக, தங்கத்தைக் கண்டு சிறிதும் சலனமடையாமல் அதன் விளிம்பைக் கண்டு மட்டும் முகம் மலரும் ஒரு பெரியவர் எதிர்ப்பட்டால், அவர்தாம் பதக்கப் பண்டிதர் என்று நிச்சயித்துக்கொள்ளலாம்.

சுதந்திரத்தின் நூற்றாண்டை முன்னிட்டு 1921-ல் வெளிவந்த ஐம்பது பெசோ தங்க நாணயத்தை அவர் ஏறெடுத்தும் பாரார். "அது நாணயம், வட்டிக்கடைக்காரனுக்கும் தெரியும்" என்பார். முகமதிப்பு ஏதுமின்றி, ஒரு வீரரையோ யுத்தத்தையோ நினைவுகூர மட்டும் அடிக்கப்பட்ட பதக்கங்களே அவருக்குப் பிராணன். பியூப்லா யுத்தத்தின் நூற்றாண்டான 1962-ஐச் சேர்ந்த பதக்கமொன்றை யாரேனும் நீட்டிவிட்டால், 1862 மே 5-ந் தேதி ஜெனரல் ஸரகோஸா பிரெஞ்சுப் படையை விரட்டிய விருத்தாந்தம் முழுவதையும் கேட்டு முடித்த பிறகே பதக்கத்தைப் பற்றிய பேச்சு பிறக்கும்.

பரீட்சையோ ஒரு வைதிகச் சடங்கு. ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு தங்கமுள்ள 41.67 கிராம் பதக்கத்தை நூலில் கட்டி, காப்பிக் கோப்பையிலுள்ள தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் எடை சுமார் 2.4 கிராம் குறையவேண்டும். அதிகம் குறைந்தால் உலோகத்தில் கலப்படம். உடையவர் மூச்சடக்கி நிற்கையில், பண்டிதர் முதலில் கோப்பை சுத்தமில்லையென்று கடைக்காரரைக் கடிந்துகொள்வார். சக்கரவர்த்தி மாக்ஸிமிலியனின் உருவமும் 1865 என்ற ஆண்டும் பொறித்த குட்டித் தங்கத் துண்டுகளுக்கு இந்த உபசாரமும் கிடையாது. அவை சக்கரவர்த்தி சுடப்பட்டு வெகுகாலத்திற்குப் பின் ஆபரணத்துக்காகப் பிறந்தவை.

ஃபிராங்க் குரோவ் தொகுத்த மெக்ஸிகோ பதக்கங்களின் பட்டியலே அவருக்கு வேதம். அதில் காணாத பதக்கம் அகப்பட்டுவிட்டாலோ அன்றிரவு ஆனந்தத்தால் நித்திரை போய்விடும். தங்கத்தின் விலை ஏறி ஜனங்கள் பதக்கங்களை உருக்கத் தொடங்கும்போது, "சரித்திரம் உருகுகிறதே!" என்று கண் கலங்குவார், அந்தக் கண்ணீர் காய்வதற்குள், தம்மிடமுள்ளவை எவ்வளவு அபூர்வமாகிவிட்டன என்ற மனக்கணக்கும் முடிந்திருக்கும்.

ஆகவே கையில் பதக்கமுள்ள அன்பர்கள் அவரிடம் தாராளமாகக் காட்டலாம், கட்டணம் கிடையாது. விற்கும் உத்தேசத்தை மட்டும் வெளியிடவேண்டாம், வெளியிட்ட கணமே அந்த அபூர்வப் பதக்கம் சர்வசாதாரணமாகிவிடும்.