டாப்-அப் சார்

மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு லேபில் அவர் கட்டாயம் இருப்பார். மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரத்துக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பெற்றோர் வைத்த பெயர் அட்டெண்டன்ஸுக்கு. ஜூனியர்கள் வைத்தது ‘டாப்-அப் சார்’. இயந்திரத்தில் ஓடும் உப்புக் கரைசலான பஃபர், பாட்டிலில் பாதிக்குக் கீழே இறங்கினால் போதும், புதிதாகத் தயாரித்ததை அதன் தலையிலேயே ஊற்றிவிடுவார். “நேத்து போட்டதுதானேம்மா!” அந்த நேற்றுக்கு முன்னால் எத்தனை நேற்றுகள் என்பது அடியில் தங்கிய மண்டிக்குத்தான் தெரியும்.

பி.எச். 7-ஐ ஒட்டிய பாஸ்பேட் பஃபர் பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு. மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ கலக்காமல் அறை வெப்பத்தில் விட்டால், சில நாட்களிலேயே குடித்தனம் தொடங்கிவிடும். ஜன்னலோரம் வைத்தால் பாசியும் சேரும்.

“சார், கலங்கின மாதிரி இருக்கே?”

“ட்யூப்லைட் வெளிச்சம்மா அது. 0.45 மைக்ரான்ல வடிகட்டியாச்சு.”

வடிகட்டியது நிஜம். ஆனால் சின்ன பாக்டீரியாக்கள் அதிலும் நழுவிவிடும், 0.22 வேண்டும். அதுவும் புதிதாக வருகிறவர்களைத்தான் தடுக்கும், பாட்டிலில் ஏற்கெனவே குடியிருப்பவர்களை என்ன செய்யும்?

ஒருநாள் பிரஷர் 120 பாரிலிருந்து 190-க்கு ஏறும். எதையும் ஏற்றாத பிளாங்க் ஓட்டத்திலும் கோஸ்ட் பீக் எனும் பேய்ச் சிகரம் எட்டிப் பார்க்கும். சார் விசாரணையைத் தொடங்குவார். முதல் குற்றவாளி சி18 காலம் எனும் எஃகுக் குழல். விலை அதிகம் என்பதால் சந்தேகமும் அதிகம். அடுத்து ஆட்டோசாம்ப்ளர், ஏ.சி., வோல்டேஜ். பாட்டில் மட்டும் சாட்சிப் பட்டியலில்கூட இராது.

அப்படி ஒருமுறை சர்வீஸ் இன்ஜினியர் வந்து காலத்தைக் கழற்றிவிட்டு ஓட்டினார். பிரஷர் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. பர்ஜ் வால்வைத் திறந்து, உள்ளேயிருந்த ஃப்ரிட் எனும் குட்டி வடிகட்டியை இடுக்கியால் எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பேறி, வழவழவென்றிருந்தது. பாட்டிலுக்குள் தொங்கும் வடிகட்டியிலும் அதே வழவழப்பு.

சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “லைன் முழுக்க அசிட்டோநைட்ரைலை விடு!”

“ஐயோ, முதல்ல தண்ணி சார்! உப்பு படிஞ்சிடும்!” ஜூனியர் கத்தியதால் பம்ப் பிழைத்தது.

அடுத்த யோசனை சோடியம் அசைடு. 0.02 சதவீதமே கிருமி வளர்ச்சியை அடக்கும் என்பது சரிதான். ஆனால் அன்று இயந்திரத்தில் ஓடவிருந்த இன்னொரு கரைசல் (மொபைல் ஃபேஸ்) அமிலத்தன்மை கொண்டது. அதில் அசைடு சேர்ந்தால் ஹைட்ரசோயிக் அமிலம் என்ற நச்சாவி கிளம்பும். செம்பு, ஈயக் குழாயுள்ள சிங்க்கில் கொட்டினாலோ வெடிக்கக்கூடிய உப்பு உருவாகலாம். பாட்டிலைக் கழுவித் தினமும் புதிதாகத் தயாரிப்பது, ஓட்டம் முடிந்ததும் பஃபரைத் தண்ணீரால் வெளியேற்றி, கரைப்பான் கலந்த நீரில் லைனை நிறுத்துவது போன்ற செலவில்லாத வழிகள் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கடைசியில் மைக்ரோபயாலஜி பிரிவுக்கு ஒரு மெமோ போனது: ‘தாங்கள் சோதித்து அனுமதித்த நீரில் கிருமி.’ மறுநாள் பதில் வந்தது: ‘நீரில் குறையில்லை. பஃபர் பாட்டிலை அனுப்பவும்.’

சார் உடனே பேனாவை எடுத்தார்: ‘பாட்டில் கழுவப்பட்டுவிட்டது.’