தூக்கம் கெட்ட வௌவால்கள்

கேள்வி: அமெரிக்காவில் குளிர்கால உறக்கத்திலேயே வௌவால்கள் பூஞ்சை பிடித்துச் சாகின்றனவாமே? தூக்கத்தில் போவது நல்ல சாவுதானே?

பதில்: தூக்கத்தில் போயிருந்தால் நல்ல சாவுதான், இவை போவது தூக்கம் கெட்டு. குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது. அதனால் உடல் வெப்பத்தைக் குகையின் குளிருக்கு இறக்கிவிட்டு, சேர்த்துவைத்த கொழுப்பைக் கருமி போலச் செலவழித்துக்கொண்டு வௌவால் மாதக்கணக்கில் தொங்குகிறது. குளிர்ந்த அந்த உடம்புதான் பூஞ்சைக்கு விளைநிலம். சுமார் 20 டிகிரி செல்சியசுக்கு மேல் அது வளராது. மூக்கிலும் இறக்கையிலும் வெள்ளையாகப் படர்ந்து தோலை அரிக்க, வௌவால் அடிக்கடி விழிக்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் உடம்பைச் சூடேற்றியாக வேண்டும். வசந்தத்துக்கு முன்பே சேமிப்பு காலி. இறப்புச் சான்றிதழில் 'பட்டினி' என்று எழுதினாலும் தப்பில்லை. சில இனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன.

2006இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் எடுத்த படத்தில்தான் அமெரிக்காவில் இந்த நோய் முதலில் தென்பட்டது. இதில் மனிதர்மேலும் சந்தேகம் உண்டு என்றால், "வௌவாலே பரப்புகிறது, மனிதர்மேல் ஏன் பழி?" என்பார்கள். பெரும்பாலும் வௌவாலிலிருந்து வௌவாலுக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பூஞ்சைக்குச் சொந்த ஊர் ஐரோப்பாவும் ஆசியாவும் (அங்குள்ள வௌவால்கள் அதனோடு எப்படியோ குடித்தனம் நடத்துகின்றன). அட்லாண்டிக்கைத் தாண்டியது எப்படி? இந்தக் குட்டி வௌவால்கள் கடல் தாண்டாது. சேறு அப்பிய பூட்ஸ் விமானம் ஏறும். கையும் களவுமாக யாரும் பிடிபடவில்லைதான். என்றாலும் பூஞ்சை வித்துகள் குகை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே குகை பார்க்கப் போகிறவர்களே, ஒரு குகையில் போட்ட பூட்சை அடுத்த குகைக்குள் கொண்டுபோகாதீர்கள்.