பேய்ப் படம் பார்த்துப் பிறந்த பிரபஞ்சம்

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு, கேம்பிரிட்ஜில் மூன்று பேர் கண்டுபிடித்த பதில்: தோன்றவே இல்லை.

ஃப்ரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட். மூவரும் 'டெட் ஆஃப் நைட்' என்ற பேய்ப் படத்துக்குப் போனார்கள். முடிகிற இடத்தில் மறுபடி ஆரம்பிக்கிற கதை. நாமாக இருந்தால் டிக்கெட் காசு தண்டம் என்று முனகியபடி வீடு திரும்பியிருப்போம். கோல்டோ, பிரபஞ்சமும் இப்படி இருந்தால் என்ன என்று கிளப்பிவிட்டார்.

வெறும் வம்பு என்று தள்ளவும் முடியாது. அன்றைய ஹபிள் கணக்குப்படி பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 200 கோடி ஆண்டு. பூமியின் வயதோ அதைவிட அதிகம். அம்மாவைவிட மகள் மூத்தவள் என்று ஜாதகம் எழுதினால் யார் ஏற்பார்கள்? ஆகவே 1948-ல் மூவரும் அறிவித்தார்கள்: பிரபஞ்சம் விரியும், ஆனால் ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. விரிந்து விழும் இடைவெளியில் புது அணுக்கள் தாமாக முளைக்கும். எங்கிருந்து? சும்மாதான். எல்லாமே ஒரே நொடியில் வந்தது என்று நம்புகிறவர்கள், சில்லறையாக வருவதற்கு மட்டும் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

1949 மார்ச் 28 அன்று பிபிசி வானொலியில் எதிர்க்கட்சியின் கொள்கையைக் குறிப்பிட 'பிக் பேங்' (பெருவெடிப்பு) என்றார் ஹாய்ல். எதிரிக்கு இலவச விளம்பரம்.

1952-ல் வானியலாளர் வால்டர் பாடே தூரக் கணக்கைத் திருத்த, பிரபஞ்சத்தின் வயது இரட்டிப்பானது; அம்மா-மகள் வாதம் ஆட்டம் கண்டது. அசல் அடி 1964-ல், நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் விழுந்தது. பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு ஜோடிப் புறா குடித்தனம், சுவரெல்லாம் எச்சம். அதை 'வெள்ளை மின்கடத்தாப் பொருள்' என்று கௌரவமாகக் குறிப்பிட்டார் ஆய்வகத்தின் ஆர்னோ பென்சியாஸ். புறாக்களைப் பிடித்துத் தபாலில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்துவிட்டன. கடைசியில் சுட்டார்கள். எச்சத்தையும் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் ஆதிச் சூடு, ஆறி 3 கெல்வினுக்கு வந்திருந்தது. 1978-ல் பென்சியாஸுக்கும் அவருடைய கூட்டாளி ராபர்ட் வில்சனுக்கும் நோபல். புறாக்களுக்குத் தோட்டா.

ஹாய்ல் மசியவில்லை. வெடிப்பே வேண்டாம் என்றவருக்குக் கார்பனும் இரும்பும் சமைக்க வேறு அடுப்பு தேவைப்பட, முன்பே நட்சத்திரங்களைக் கைகாட்டியிருந்தார். அதைப் பற்றி நண்பர்களோடு எழுதிய 1957 கட்டுரை இன்றும் நிற்கிறது. 1993-ல், 70 வயது தாண்டிய பிறகும், ஜெஃப்ரி பர்பிட்ஜையும் நம் ஜெயந்த் நார்லிகரையும் சேர்த்துக்கொண்டு பழைய கொள்கைக்குப் புதுச்சாயம் பூசினார். யாரும் வாங்கவில்லை. 2001-ல் இறக்கும்வரை பிக் பேங்கை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.