தாளைத் தொலைத்த நியூட்டன்

கே: இயற்பியல், கால்குலஸ் வீட்டுக்கணக்கு வரவில்லை என்று அடுத்தவரிடம் போய் நிற்பது அவமானம் இல்லையா?
– பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்

ப: வானியலாளர் எட்மண்ட் ஹாலியே போய் நின்றாரே! தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் சூரியன் இழுத்தால் கோள் எந்தப் பாதையில் சுற்றும்? அறிஞர்கள் ரென், ஹூக், ஹாலி மூவராலும் நிரூபித்துக் காட்ட முடியவில்லை. 1684-இல் ஹாலி கேம்பிரிட்ஜுக்கே போய் நியூட்டனைக் கேட்டார். நீள்வட்டம், முன்பே கணக்குப் போட்டாயிற்று என்றார் நியூட்டன். தேடினால், தாளைக் காணோம்!

விடை கிடைத்ததே என்று ஹாலி விட்டுவிடவில்லை, வழிமுறையையும் கேட்டார். நீங்களும் அப்படியே, எந்த வரியில் சிக்கியது என்று காட்டிக் கேளுங்கள்.

நியூட்டன் மறுபடி எழுதி அனுப்பியது வளர்ந்துதான் 1687-இல் ‘பிரின்சிபியா’ நூலாக ஆனது. அச்சுச் செலவு? கேள்வி கேட்ட ஹாலியுடையது!