அத்தை மகள் கல்யாணமும் 1,842 படமும்

அரிமளத்தில் அத்தை மகள் கல்யாணம். தவணையில் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனீர்கள். பணம் வாங்கிக்கொண்டு வந்த ஸ்டுடியோக்காரரை முழங்கையால் இடித்து இடித்து 1,842 படம் எடுத்தீர்கள், அத்தனையும் ரா (RAW) கோப்பாக. இனி அதையெல்லாம் கழுவி எடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். எதை எடுப்பது? கவலையை விடுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன். ஆறேழு மாதத்தில் முடித்துவிடலாம்.

1. படத்தைத் திறக்காதீர்கள். யூடியூபைத் திறங்கள். ‘லைட்ரூமா, கேப்சர் ஒன்னா’ என்று தேடுங்கள். பேசுகிறவர் பனிமலையையும் அருவியையும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவார். உங்களிடம் இருப்பது தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வந்த மாமாவின் முதுகு. இருந்தாலும் பாருங்கள். பார்த்து முடித்ததும் அவரை மறுத்துப் பேசுகிறவரையும் பாருங்கள்.

2. முந்நூறு படத்தை மட்டும் சிஸ்டத்தில் ஏற்றுங்கள், சோதித்துப் பார்க்க அது போதும். மீதி கார்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். சாஃப்ட்வேர் முடிவானதும் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம்.

3. இலவசமாக வருவதைத் தொடாதீர்கள். கேனான்காரர்களுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கான்காரர்களுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ என்று கேமரா கம்பெனியே சும்மா கொடுக்கிறது. சும்மா கொடுப்பதில் என்ன இருக்கப்போகிறது? அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியில்தான் இன்றைக்கும் சட்னி அரைபடுகிறது என்று வீட்டில் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். டார்க்டேபிள், ராதெரபி என்று காசே கேட்காத வேறு இரண்டும் உண்டு. டார்க்டேபிளை மட்டும் ஒரு தடவை திறந்து, ‘ஃபில்மிக்’ என்ற பகுதி எதற்கு என்று கண்டுபிடிக்கப் போங்கள். மூன்று நாள் கழித்து வெளியே வந்து, “இதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று சொல்லுங்கள்.

4. காசு கேட்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். லைட்ரூம் 2007இல் வந்தபோது ஒரு தடவை வாங்கினால் அந்தப் பதிப்பு உங்களுடையது. 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு அந்த வசதி முடிந்தது, இப்போது சந்தாதான். கேபிளுக்கு மாதாமாதம் கட்டுவீர்கள், பார்க்காத சேனலுக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள், இதற்குக் கட்டுவதா? சிஸ்டம் சரிபண்ண வருகிற தம்பியிடம் பென்டிரைவில் வாங்குங்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணையுங்கள்.

5. இப்போதுதான் முக்கியமான வேலை: பிரிசெட், அதாவது யாரோ முன்கூட்டியே செய்துவைத்த திருத்தம். இதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

கல்யாணம் மண்டபத்தில் நடக்கவில்லை, வாடகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீட்டில் நடந்தது. நடுவே திறந்த முற்றம், அதில் பத்து மணி வெயில். சுற்றிலும் தூண், தூணுக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டில் சுவரோடு சாய்ந்து அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார். கேமராத் திரையில் அவர் ஒரு கரும்புள்ளி. ராவைத் திறந்து ‘ஷேடோஸ்’ ஸ்லைடரை மெல்ல வலது பக்கம் தள்ளுங்கள். முதலில் மூக்குத்தி தெரியும், பிறகு கன்னத்துச் சுருக்கம், அப்புறம் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன தாம்பூலப் பை.

இது எப்படி என்றால், கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, மீதியைச் சிவப்பும் நீலமும் பங்கு போட்டுக்கொள்ளும். கோடக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. இல்லாத நிறங்களைக் கணக்குப் போட்டு நிரப்புவதுதான் நீங்கள் தேடும் சாஃப்ட்வேரின் முதல் வேலை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படி. 14 பிட் ராவில் 16,384 படி. அப்பத்தா அந்த அடிப்படிகளில்தான் உட்கார்ந்திருந்தார்.

தெரிந்துகொண்டீர்களா? மறந்துவிடுங்கள். மாப்பிள்ளை கறுப்பு. நல்ல, எண்ணெய் தேய்த்த கருங்காலி போன்ற கறுப்பு. ‘வெட்டிங் கிரீமி ஸ்கின்’ என்று ஒரு பிரிசெட்டை இறக்கி ஒரே தட்டு தட்டுங்கள். பப்பாளி நிறத்துக்கு வந்துவிடுவார். பெண்ணும் பப்பாளி, புரோகிதரும் பப்பாளி, பின்னால் கட்டியிருந்த வாழைமரம்கூடக் கொஞ்சம் பப்பாளி. அவருடைய அம்மாவே “இது யாருப்பா?” என்று கேட்கும் வரை தட்டுங்கள். படி 16,384 இருந்தால் என்ன, 16 இருந்தால் என்ன?

6. சிஸ்டத்தில் இடம் அடைக்கிறது. ராவுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்று குட்டிக் குட்டிக் கோப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் தள்ளிய ஸ்லைடர்களெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் சில கேபிதான், ஆனாலும் எண்ணிக்கையில் நிறைய, பார்க்கவே அசிங்கம். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். அந்தக் கையோடு, ‘கல்யாணம்’ என்றிருந்த ஃபோல்டரை ‘கல்யாணம் ஃபைனல் புதுசு 2’ என்று மாற்றுங்கள். லைட்ரூம் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஓர் அடையாளம் போட்டு, “காணோம்” என்று முறையிடும். சாஃப்ட்வேர் சரியில்லை என்று அர்த்தம். அடுத்த படிக்கு வாருங்கள்.

7. மாறுங்கள். இருநூற்றுத் தொண்ணூறாவது படத்தில் மாறுவது உத்தமம். ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது, எனவே முதல் படத்திலிருந்து தொடங்கும் பாக்கியம் கிடைக்கும். யாராவது தடுத்தால் ஆப்பிளின் அப்பர்ச்சரைக் காட்டுங்கள். 2005இல் வந்தது, 2014இல் இனி வளர்க்கமாட்டோம் என்று கைகழுவினார்கள். ஆகவே எதையும் நம்பாதீர்கள், எதையும் முடிக்காதீர்கள்.

8. இதற்குள் ஸ்டுடியோக்காரர் கரிஷ்மா ஆல்பம் கொடுத்து, பாக்கியை வாங்கி, அடுத்த முகூர்த்தத்துக்கும் போயிருப்பார். எல்லாம் ஜேபெக். அத்தை வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவார்கள். நீங்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, “ஹைலைட் போயிருச்சு” என்று சொல்லுங்கள். அப்பத்தா அதில் இருக்கமாட்டார். அதையும் சொல்லிக்காட்டுங்கள், “என்கிட்ட இருக்கு” என்று.

9. அத்தை போன் செய்வார். “ஏம்ப்பா, ஒன் படமெல்லாம் எப்பப்பா கையில வரும்?” கலர் கரெக்ஷன் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். பொய் இல்லை.

10. மறுபடி போன் வரும். இந்தத் தடவை வளைகாப்பு. “கேமராவ மறக்காம எடுத்துட்டு வந்துரு.” பேட்டரியை முந்தின ராத்திரியே சார்ஜில் போடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து புது ஒப்பீடு ஒன்று பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கேமராவை ஆன் செய்யுங்கள். கார்டில் இடமில்லை என்று காட்டும். பெண்ணை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள், வளையல் தட்டு வந்துவிட்டது. மெனுவுக்குப் போங்கள். ‘ஃபார்மட்’ இருக்கிறதா? நிச்சயமாகவா என்று ஒரு தடவை கேட்கும். சீக்கிரம் அழுத்துங்கள், அத்தை கூப்பிடுகிறார்.