கனவுக்குப் போர்டு எதுக்கு, பேராண்டி?

பேராண்டி, நீ எடுத்த குறும்படத்தை உங்கம்மா செல்போன்ல போட்டுக் காட்டுனா. அடேங்கப்பா! கனவு வரும்போதெல்லாம் தரையெல்லாம் புகை, பின்னாடி புல்லாங்குழல். கோயில் கொடையிலகூட இம்புட்டு சாம்பிராணியை நான் பாத்ததில்ல. 'இது கனவு'ன்னு ஒரு போர்டு மாட்டியிருந்தா செலவாவது மிஞ்சியிருக்கும்.

அமெரிக்காவுல ஆம்புரோஸ் பியர்ஸ்னு ஒருத்தர், உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட ஆளு. 1890ல ஒரு கதை எழுதினாரு. அலபாமாவுல ஆவுல் க்ரீக் பாலத்துல ஒரு பண்ணைக்காரனைத் தூக்குல போடுறாங்க. கயிறு அறுந்து ஆத்துல விழுறான். குண்டுக்குத் தப்பி, காட்டைத் தாண்டி, பொண்டாட்டிகிட்ட ஓடுறான். அவளைத் தொடப்போற நேரத்துல கழுத்து ஒடியுது. ஆத்துல நீந்துனது, காட்டுல ஓடுனது எல்லாம் கயிறு இறுகுறதுக்குள்ள மனசு ஓடுன ஓட்டம்!

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ தூங்கும்போது உன் லேப்டாப்பு சும்மாதானே கிடக்கு?

பியர்ஸ் எதையும் மறைக்கல. தப்பி ஓடுறவனுக்குக் கழுத்து வீங்கியிருக்கு, கண்ணை மூட முடியல, நாக்கு தடிச்சு வெளிய தள்ளுது. தொங்குறவன் உடம்பு அது. நாமதான் 'பாவம், ஓடுன களைப்பு'ன்னு உச்சுக் கொட்டிட்டுப் படிக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர் ராபர்ட் என்ரிகோ அதைக் குறும்படமா எடுத்தாரு. 1962ல கான் விழாவுல பரிசு, அப்புறம் ஆஸ்கார். நாக்கைத் திரையில காட்டினா குட்டு உடைஞ்சிரும்ல? அதனால மனுசன் காதையும் காலத்தையும் பிடிச்சாரு. தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்சதும் சிப்பாய்ங்க குரல் இழுபட்டு, கொழகொழன்னு கேக்குது. வீட்டு கேட்டு தானா திறக்குது. பொண்டாட்டியைப் பாத்து ஓடுறான், ஓடுறான், அதே ஓட்டம் திரும்பத் திரும்ப வருது. தூரம் மட்டும் குறையல. அந்த இடத்துல எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஆனாலும் 'ஓடுறா, ஓடுறா'ன்னு நானே கத்துனேன், பாத்துக்க.

மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவான்ல தரகன், அந்த வித்தைதான். எல்லாரும் பாக்க வெட்டவெளியிலதான் பேசுறான், பொய்யும் சொல்லல. படம் முடிஞ்சதும் திருப்பிப் போட்டுப் பாரு, துண்டுக்கடியில இருந்ததெல்லாம் தெரியும். உன் படத்தைத் திருப்பிப் போட்டா என்னடா இருக்கு?

அப்புறம், கடைசியில உன் ஹீரோ வேர்த்து விறுவிறுத்து கட்டில்ல எந்திரிச்சு உக்காருறானே, அதை வெட்டிரு. அவன் சொம்புத் தண்ணி குடிக்கிறதையும் சேத்து.